துக்க வீட்டிற்கு வந்த தட்டு

ஊரை விட்டு வந்து அயல் மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர்க்குப் பண்டிகை நாளில் உறவினர் நிரப்ப வேண்டிய இடத்தை அண்டை வீட்டாரே நிரப்புகின்றனர். கல்யாண் ரயில்வே குடியிருப்பில் எங்களுக்கு வாய்த்த பக்கத்து வீடு, கோவாவைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தினுடையது. அவ்வீட்டு அம்மையாரிடம் நாங்கள் கற்ற ஒரு பட்சணத்தைப் பற்றியும், அதைக் கற்க நேர்ந்த விதத்தைப் பற்றியும் இங்கே எழுதத் துணிகிறோம்.

2021ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எங்கள் தந்தையார் காலமானார். துக்கம் நேர்ந்த வீட்டில் ஓராண்டுக் காலம் பண்டிகைக்கென்று எண்ணெய்ச் சட்டி ஏற்றுவதில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம். ஆகவே அந்தத் தீபாவளிக்கு முறுக்கும் இல்லை, சோமாசியும் இல்லை. ஊரில் இருந்திருந்தால் அத்தை வீட்டிலிருந்தும் சித்தப்பா வீட்டிலிருந்தும் தூக்குகளில் பலகாரம் வந்து சேர்ந்திருக்கும். இங்கே மாடி வீட்டு மராட்டியக் குடும்பத்தார் ஒரு தட்டுக் கரஞ்சி அனுப்பினர். குழந்தைகள் உண்டனர், தாயார் தொடவில்லை. சோமாசி என்றால் தந்தையாருக்கு அவ்வளவு பிரியம். கரஞ்சியோ சோமாசியின் உடன்பிறப்பு.

உடன்பிறப்புகள் இன்னும் பல உண்டு. ஆந்திரத்தில் கஜ்ஜிகாயலு, கன்னட நாட்டில் கர்ஜிகாயி, வடக்கே ஹோலிப் பண்டிகைக்குக் குஜியா, கோவாவில் நெவ்ரி. பூரணம் தேங்காயாகவோ கோவாவாகவோ மாறுமேயன்றி, மாவை வட்டமாக இட்டு, உள்ளே இனிப்பை வைத்து, அரைநிலாவாக மடித்து, ஓரத்தை அழுத்தும் முறை எங்கும் ஒன்றே. (இங்கே கோவா என்றது பாலைச் சுண்டக் காய்ச்சுவதை, ஊரை அன்று!)

அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் மாலை, பக்கத்து வீட்டு அம்மையார் கதவைத் தட்டினார். ஒரு பெரிய தட்டும் ஒரு சிறிய தட்டும் கைகளில் இருந்தன. கோவாக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸ் இனிப்புகளைத் தட்டில் அடுக்கி அண்டை அயலாருக்கு வழங்குவது வழக்கம். அதற்குக் கொன்சுவாதா என்று பெயர். பெரிய தட்டில் நெவ்ரி, குல்குல், தோதோல் எல்லாம் இருந்தன. அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்துக் கிளறும் தோதோலைக் கண்டதும் கீழக்கரைத் தொதல் நினைவுக்கு வந்தது. சிறிய தட்டிலோ ஒரே வகைப் பிஸ்கோத்து: அரைநிலா வடிவம், உள்ளே கொய்யாப்பழ ஜாம், எண்ணெயில் பொரிக்காமல் அடுப்பில் சுட்டது.

"இதில் முட்டை இல்லை. பாட்டிக்கென்று தனியாகச் செய்தேன்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "எங்கள் ஊரிலும் சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் இனிப்புச் செய்யமாட்டார்கள். மற்றவர்கள்தாம் கொண்டுபோய்க் கொடுப்போம்" என்றார்.

இந்தி மொழியில் அவர் கூறியதை நாங்கள் தாயாருக்குத் தமிழில் சொன்னோம். "அவர்களுக்கும் அப்படித்தானா?" என்று தாயார் இருமுறை கேட்டார். அன்றிரவு ஒரு பிஸ்கோத்தில் பாதியை உண்டார். நான்கு மாதங்களுக்குப் பின் அவர் வாயில் பட்ட முதல் இனிப்பு அது.

2023ஆம் ஆண்டு ஜூலையில், ரயிலில் கார்டாகப் பணியாற்றிய அம்மையாரின் கணவர் திடீரென மறைந்தார். மார்கழி பிறந்தது. ஆண்டுதோறும் வெண்ணெய் மணம் வீசும் அவ்வீட்டில் அவ்வாண்டு மணம் இல்லை. "தட்டு இப்போது நாம் கொடுக்க வேண்டியது" என்று தாயார்தாம் முதலில் சொன்னார். மைசூர்ப்பாகு செய்து கொடுத்துவிடலாம் என்று இல்லத்தரசி கூறியதை அவர் ஏற்கவில்லை. அவர்களுடைய பண்டிகைக்கு அவர்களுடைய பட்சணந்தான் போக வேண்டும் என்று நின்றார். அம்மையாரையே செய்முறை கேட்பது அழகன்று. அவர் முன்பு பேச்சுவாக்கில் கூறியவற்றைக் கொண்டே இறங்கினோம்.

ஜாம் எளிதாக வந்தது. குளிர்காலத்தில் இப்பக்கத்துச் சந்தையில் கொய்யா குவிகிறது. பழத்தை வேகவைத்து, விதை போக வடிகட்டி, கிடைத்த விழுதின் எடைக்குச் சமமாகச் சர்க்கரையும், எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்துக் கிளற வேண்டும். பழங்களை இறுகச் செய்யும் பெக்டின் என்னும் பொருள் கொய்யாவில் இயல்பாகவே மிகுதி. புளிப்பும் சர்க்கரையும் கூடினால் அது பிடித்துக்கொள்ளும். ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டால் ஓடாமல் நிற்பதே பதம். வெப்பமானி உள்ளவர்கள் 105 டிகிரியில் இறக்கலாம்.

ஐரோப்பாவில் கோடைப் பழத்தைச் சர்க்கரையில் காத்து வைத்துப் பனிக்காலத்தில் பண்டமாக்கும் வழக்கம் பழையது. ஆஸ்திரிய நாட்டு லின்ஸ் நகரத்தின் பெயரால் வழங்கும் ஜாம் பணியாரத்துக்கு 1653ஆம் ஆண்டிலேயே எழுதிய குறிப்பு கிடைத்திருக்கிறது. நமக்கோ குளிர்காலமே பழக்காலம். அந்த மட்டில் நாம் பாக்கியசாலிகள்.

மாவுதான் எங்களைச் சோதித்தது. அரைக் கிலோ மைதாவுக்குக் கால் கிலோ வெண்ணெய். வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும். விரல் நுனிகளால் ரவைபோல் உதிரியாகப் பிசறி, சிறிது சர்க்கரைப் பொடியும் உப்பும் கலந்து, குளிர்ந்த நீர் தெளித்து, உருண்டையாகச் சேர்த்தால் போதும். சப்பாத்திக்குப் பிசையும் பழக்கத்தில் அழுத்திப் பிசைந்துவிட்டால் பிஸ்கோத்து தோலாகிவிடும். எங்களுடையது தோலாயிற்று. மறுபடியும் பிசறி, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, இட்டு, ஜாம் வைத்து மடித்தோம். ஓரத்தைத் தாயார் ஏற்றுக்கொண்டார். இரண்டாண்டுகளாக டப்பாவில் கிடந்த பித்தளைச் சோமாசிக் கரண்டியைத் தேடி எடுத்து, அதன் பற்சக்கரத்தை ஓட்டி ஒரே சீராக வெட்டினார். தந்தையார் திருச்சிராப்பள்ளியில் வாங்கித் தந்த கரண்டி அது.

எங்கள் வீட்டில் அடுமனை அடுப்பு இல்லை. பாவ் ரொட்டி சுடும் அடுமனைக்காரர், ரொட்டி இறங்கிய பின் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். தீபாவளிக்கு வீட்டுக்காரர்கள் நான்கட்டாய் மாவு கொண்டுவந்து சுட்டுப்போவது அவருக்குப் பழக்கமானதே. அவசரப்பட்டு ரொட்டி இறங்கிய உடனேயே எங்கள் தட்டை உள்ளே விட்டோம். விறகடுப்பின் கடுஞ்சூட்டில் ஜாம் கொதித்து ஓரத்தைப் பிளந்து வெளியே ஓடிக் கரியாயிற்று. இருபத்துநான்கில் மூன்று தேறின. இதற்கு 180 டிகிரியே போதும், கால் மணிக்குச் சற்று மேல். விறகடுப்பானால் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஜாம் கூடாது. ஆவி போக மேலே முள்ளால் ஒரு துளை வேண்டும். இவ்வளவும் இரண்டாம் தட்டுக்குத்தான் தெரிந்தது.

இருபத்துநான்காம் தேதி மாலை, தாயாரே தட்டை எடுத்துச் சென்றார். அவருக்கு இந்தி வராது. அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. கதவு திறந்தது. அம்மையார் தட்டைப் பார்த்தார், ஓரத்துப் பல்வரிசையை விரலால் தடவினார். பிறகு இருவரும் வாயிற்படியிலேயே அமர்ந்துகொண்டனர். நாங்கள் உள்ளே வந்துவிட்டோம்.

பணியிலிருக்கையில் இறந்தவரின் குடும்பம் ஈராண்டு வரை குடியிருப்பில் இருக்க விதி இடம் தருகிறது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் அவர்கள் வீட்டைக் காலி செய்து, வசையிலிருக்கும் மகன் வீட்டிற்குச் சென்றனர். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு தகர டப்பாவில் காகிதம் மடித்து மடித்து அடுக்கி, திவாவில் வண்டி மாறி வசைக்குக் கொண்டுசேர்த்தோம். உள்ளூர் ரயில் நெரிசலில் பாதி உடைந்திருந்தது. அம்மையார் உடைந்ததொன்றை எடுத்துத் தின்று பார்த்து, "ஜாம் இன்னும் அதிகந்தான்" என்றார். பிறகு அடுக்களைக்குள் சென்று, வெள்ளைத் துணி கட்டிய சிறிய தட்டொன்றைக் கொண்டுவந்து எங்கள் கையில் வைத்தார். "முட்டை இல்லை என்று பாட்டியிடம் சொல்லுங்கள்."