கோழிக்கும் கிடை போடலாம்: கொல்லைப்புறத்தில் ஒரு நகரும் கூண்டு

ராத்திரி அடைத்தது எட்டுக் கோழி. காலையில் கூண்டைத் திறந்தால் மூன்றுதான் உயிரோடு நிற்கும். மீதியில் சிலது தலையில்லாமல் கிடக்கும், சிலது இறகாக மட்டும் சிதறியிருக்கும். கீரியா, மரநாயா, தெருநாயா என்று வீட்டில் விசாரணை நடக்கும். கோழி வளர்க்கும் வீடுகளில் இப்படி ஒரு விடியலைப் பார்க்காதவர்கள் குறைவு.

போனது கோழி மட்டுமல்ல. பல வீடுகளில் முட்டைக் காசும் சேவல் விற்ற காசும் பெண்களின் சிறுவாட்டுப் பணம். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கோ திடீர்ச் செலவுக்கோ யாரிடமும் கேட்காமல் எடுக்கிற பணம் அது. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் சமீபத்திய ஆண்டுகளின் செய்தி. ஆட்டுப்பட்டிக்கே இந்த நிலை என்றால் கோழிக்கூண்டு எம்மாத்திரம்?

உடனே தோன்றும் தீர்வு, செங்கல் வைத்துக் கட்டிவிடுவது. பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் கோழிகள் ஒரே இடத்தில் எச்சமிட்டு, ஒரே இடத்தைக் கிளறி, நாலு மாதத்தில் அந்த இடம் புல் பூண்டில்லாத நாற்றக் களமாகிவிடும். ஈயும் பேனும் கழிச்சலும் பின்னாலேயே வரும். அதனால்தான் கோழி வளர்ப்பில் 'நகரும் கூண்டு' பற்றிய பேச்சு அதிகமாகியிருக்கிறது.

பஞ்சாரமும் கிடையும்

பெயர் புதிதாக இருக்கலாம், யோசனை நமக்குப் பழையதுதான். குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, வெயில் ஏற ஏற நிழல் பக்கம் நகர்த்தி வைப்பது பாட்டிகளின் அன்றாட வேலை. வயல்களில் ஆட்டுக்கிடை போடுவதும் இதேதான். இன்றைக்கு இந்த வயலில் கிடை, நாளைக்குப் பக்கத்து வயலில். ஆட்டுக்கு மேய்ச்சல் கிடைக்கும், மண்ணுக்குப் புழுக்கையும் மூத்திரமும் உரமாகும். அதற்காகவே விவசாயிகள் கீதாரிகளுக்குக் கூலி கொடுத்துக் கிடை போடச் சொல்வார்கள். நகரும் கூண்டு என்பது கோழிக்குப் போடும் கிடை. அவ்வளவுதான்.

இதையே முறையாகச் செய்து உலகத்தின் கவனத்தைத் திருப்பியது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஒரு குடும்பப் பண்ணை. வெனிசுலாவில் விவசாயம் செய்துவந்த சாலட்டின் குடும்பம், 1961-ல் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் மேல்மண் அரித்துப்போன ஒரு நிலத்தை வாங்கியது. மகன் ஜோயல் சாலட்டின் செய்தித்தாள் வேலையை விட்டுவிட்டு 1982-ல் முழுநேர விவசாயத்துக்கு வந்தார். 'பாலிஃபேஸ்' என்று அழைக்கப்படும் அந்தப் பண்ணையின் கறிக்கோழிக் கூண்டு 12 அடி நீளம், 10 அடி அகலம், 2 அடி உயரம். அடிப்பக்கம் கிடையாது. ஒரு கூண்டில் 75 கோழிகள் வரை. தினமும் காலையில் பின்பக்கம் ஒரு சின்னச் சக்கரவண்டியைச் செருகி, முன்பக்கக் கம்பியைப் பிடித்து ஒருவரே ஒரு கூண்டு நீளத்துக்கு இழுத்துவிடுவார். உள்ளே இருக்கும் கோழிகள் கூடவே நடந்துவிடும். இந்த முறை பற்றி அவர் எழுதிய புத்தகம் 1993-ல் வந்தது. பத்திரிகையாளர் மைக்கேல் போலன் 2006-ல் தன் புத்தகத்தில் இந்தப் பண்ணையைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு உலகம் முழுக்கத் தெரிந்த பெயரானது.

அங்கே முட்டைக்கோழிகளுக்குத் தனி வண்டி. மாடு மேய்ந்து போன இடத்துக்குச் சில நாள் கழித்து அந்த வண்டி போகும். அதற்குள் சாணியில் புழு வைத்திருக்கும். கோழிகள் சாணியைக் கிளறிப் புழுவைத் தின்று, சாணியையும் பரப்பிவிடும். நம் தொழுவத்துக் குப்பைமேட்டில் கோழிகள் யாரும் சொல்லாமலே செய்கிற வேலைதான்.

தினமும் ஏன் நகர்த்த வேண்டும்?

6 அடிக்கு 4 அடி கூண்டு என்று எடுத்துக்கொள்வோம். 24 சதுர அடி. பகல் முழுக்க உள்ளேயே இருப்பதென்றால் 6 கோழிகளுக்குச் சரியான அளவு. ஒரு கோழி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடும். ஆறு கோழிக்கு அரை கிலோவுக்கு மேல். ஒரு நாள் என்றால் அது உரம். நாலைந்து நாள் அதே இடத்தில் விழுந்தால் கோழி எரு சூடானது என்பதால் புல் கருகிப்போகும்.

நோய்க்கும் இதே கணக்குதான். ரத்தக்கழிச்சல் உண்டாக்கும் கிருமியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்ததும் தொற்றுவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் ஓரிரு நாள் கிடந்த பிறகுதான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். அதற்குள் கூண்டு நகர்ந்துவிட்டால் கோழி அதைக் கொத்தாது.

இடம் நிறைய வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். தினமும் 24 சதுர அடி என்றால் 30 நாளைக்கு 720 சதுர அடி, அதாவது 2 சென்டுக்கும் குறைவு. நாலு சென்ட் கொல்லை இருந்தால், ஒரு முறை கூண்டு நின்ற இடத்துக்குத் திரும்பி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

தோற்கும் இடம் இதுதான்

நகரும் கூண்டு செய்தவர்களில் பலர் சில வாரங்களில் நகர்த்துவதை நிறுத்திவிடுகிறார்கள். காரணம் சோம்பல் இல்லை, எடை. நாய்க்கும் காற்றுக்கும் பயந்து கனமான இரும்பில் செய்துவிடுவது, பிறகு இரண்டு ஆள் வந்தால்தான் அசையும் என்றாகிவிடுவது. வீட்டில் ஆண்கள் வேலைக்குப் போன பிறகு கூண்டைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான். அவர்களால் தனியாக நகர்த்த முடியாத கூண்டு, சக்கரம் வைத்த நிலையான கூண்டு.

அதனால் பட்டறைக்காரரிடம் பேசும்போது முதலில் எடையைப் பேச வேண்டும். 6-க்கு 4 அடியில், மூன்று, மூன்றரை அடி உயரத்துக்குச் சட்டம் அடிக்க, குறுக்குக் கம்பிகளையும் சேர்த்து சுமார் 60 அடி நீளத்துக்கு ஒரு அங்குல ஸ்கொயர் பைப் தேவைப்படும். 18 கேஜ் பைப் என்றால் சட்டம் மட்டும் 16 கிலோ வரும். 16 கேஜ் போட்டால் கூடுதலாக 5 கிலோ. இந்த அளவுக் கூண்டுக்கு 18 கேஜே தாங்கும். சவுக்குக் கம்பிலும் செய்யலாம், செலவு குறைவு. ஆனால் மண்ணில் படும் அடிக்கம்பு மழையில் இற்றுவிடும், அதை மட்டுமாவது இரும்பில் போடுவது நல்லது.

தகரம், வலை, பலகை, சக்கரம் எல்லாம் சேர்ந்து 55 கிலோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி தூக்க வேண்டியிருக்குமே என்று தோன்றும். இங்கேதான் சக்கரத்தை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். எடை நடுவில் இருந்து, எதிர்ப்பக்கச் சட்டத்தையே பிடித்துத் தூக்கினால் கையில் விழுவது சுமார் 30 கிலோ. அதே கூண்டில், கனமான பகுதியான ராத்திரி அறையைச் சக்கரத்தின் பக்கம் தள்ளி, எதிர்ப்பக்கம் கைப்பிடியை 2 அடி வெளியே நீட்டிவிட்டால் அது சுமார் 17 கிலோவாகக் குறைந்துவிடும். நிறைகுடம் தண்ணீர் தூக்குகிறவர்களுக்கு அது பழகிய எடை. கூலி அதிகமில்லை, கூடுதலாகப் போவது 4 அடிப் பைப்தான்.

சக்கரத்தின் அச்சு, கூண்டின் கடைசிக் கம்பிக்கு அரை அடி வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் கைப்பிடியைத் தூக்கும்போது பின்பக்கக் கம்பி மண்ணில் குத்தும். வெளியே வைத்தால் மொத்தச் சட்டமும் தரையை விட்டு எழும்பும், இறக்கினால் நாலு பக்கமும் மண்ணோடு பொருந்தி உட்காரும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் மொபெட் சக்கரம் இதற்கு நன்றாக ஒத்துவரும். சைக்கிள் சக்கரம் ஒல்லி, ஐப்பசி மழையில் ஈரமண்ணில் புதைந்துகொள்ளும்.

வலையில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கடையில் 'கோழி வலை' என்று கேட்டால் தேன்கூடு மாதிரி அறுகோணக் கண் போட்ட மெல்லிய வலையைத் தருவார்கள். பெயரில்தான் ஏமாற்றம். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், நாய் உள்ளே வராமல் தடுக்காது. பல்லால் கடித்து இழுத்தால் பிரிந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ்தான் வேண்டும். கீரி நுழையாது, எலி நுழையாது, முட்டைக்கு வரும் பாம்புக்கும் கஷ்டம். வலையைக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டுப் போகாமல், மேலே ஒரு பட்டை வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கச் சொல்லுங்கள். மேல்பக்கத்தையும் மூட வேண்டும். குஞ்சு இருந்தால் பருந்தும் காக்கையும் அதற்காகவே காத்திருக்கும்.

சரி, அடிப்பக்கம் திறந்திருக்கிறதே, தோண்டி வந்தால்? அதற்குத்தான் ராத்திரி அறை. சக்கரத்தின் பக்கம், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், 4 அடிக்கு 3 அடி அளவில் ஒரு மூடிய பெட்டி. அதற்கு அடிப்பலகை கட்டாயம். அந்தியில் கோழிகள் சாய்வுப் பலகையில் ஏறி உள்ளே போனதும் பலகைக் கதவை இறக்கி நாதாங்கி போட்டு, ஒரு கொக்கியும் மாட்டிவிட வேண்டும். சும்மா சாத்திய கதவைக் கீரி தள்ளித் திறந்துவிடும். இனி கீழே தோண்டி உள்ளே வந்தாலும் கிடைப்பது வெறும் புல்தான். பகலில் பெட்டியின் அடிப்பகுதி கோழிகளுக்கு நிழல்.

பெட்டிக்குள் உட்காரக் குறுக்குக்கம்பு, ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம் இடம். முட்டையிட ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் இரண்டு கூடு, வெளியிலிருந்தே முட்டை எடுக்கும்படி ஒரு சின்னக் கதவு. குறுக்குக்கம்பு முட்டைக்கூட்டைவிட உயரத்தில் இருக்கட்டும். கோழி உயரமான இடத்தில்தான் அடையும், கூடு உயரத்தில் இருந்தால் முட்டையெல்லாம் எச்சமாகும்.

கூரைக்குத் தகரம் போட்டால் சித்திரை வெயிலில் உள்ளே வேகும். கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரி, வியர்க்கவும் செய்யாது. தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்து, கூரைக்கு ஒட்டிக் கீழே இரண்டு பக்கமும் காற்று வர வலைச் சந்து விடுங்கள். கோடையில் கூண்டின் தினசரிப் பயணம் மரநிழலை ஒட்டியே இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் மாட்டுக்கு அடிப்பது போல நாலு மூலையிலும் முளை அடித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. எடை குறைத்ததற்கு அது நாம் கொடுக்கும் விலை.

இதெல்லாம் இருந்தும்...

புல் இருக்கிறதே, தீவனம் வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. பாலிஃபேஸ் பண்ணைக் கோழிகளுக்கும் தானியத் தீவனம் உண்டு. புல்லும் பூச்சியும் கொசுறுதான். கம்பு, நொய், தவிடு, வீட்டில் மிஞ்சும் காய்கறி எல்லாம் வழக்கம்போல வேண்டும். வெள்ளைக்கழிச்சல் காற்றிலும், ஆள் செருப்பிலும்கூட வரும், கூண்டை எங்கே நகர்த்தினாலும் தப்பிக்க முடியாது. கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்வதுதான் வழி. ராமநாதபுரம், விருதுநகர் போன்ற வறண்ட பகுதிகளில் பங்குனி, சித்திரையில் கொல்லையில் புல்லே இருக்காது. அந்த இரண்டு மூன்று மாதம் கூண்டை மரத்தடியில் நிறுத்தி, கீழே கடலைத்தோலோ உமியோ கனமாகப் பரப்பி வைத்துச் சமாளிப்பது புத்திசாலித்தனம்.

கீரைப் பாத்தி, வெள்ளரி, தக்காளி உள்ள இடத்தில் கூண்டை விடும்போது கவனம். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிப்படி, மக்காத எரு விழுந்த மண்ணைத் தொடும் விளைச்சலை 120 நாள் கழித்தே அறுவடை செய்ய வேண்டும். நமக்கும் அது நல்ல கணக்கு. அறுவடை முடிந்து தரிசாகக் கிடக்கும் பாத்தியில் கோழியை விட்டால், களையைக் கிளறி, கூட்டுப்புழுவைத் தின்று, அடுத்த பட்டத்துக்கு நிலத்தைத் தயார் செய்துவிடும்.

நாட்டுக்கோழியைப் பகலில் அடைக்க மனம் வராது. சிறுவிடை சுவர் ஏறிக் குதிக்கும், மரம் ஏறும், சுற்றித் திரிந்தால்தான் அதற்குத் திருப்தி. அப்படிப்பட்டவர்கள் காலையில் கதவைத் திறந்துவிட்டு, ராத்திரிக்கு மட்டும் இந்தக் கூண்டைப் பயன்படுத்தலாம். அப்போது அதே பெட்டியில் 8, 10 கோழிகூட அடையும்.

நகர்த்தும் நேரம் காலைதான், தீவனம் வைப்பதற்கு முன். பசியில் இருக்கும் கோழிகள் தீவனத் தட்டைப் பார்த்து முன்பக்கம் ஓடிவரும், பின்பக்கக் கம்பியில் கால் மாட்டாது. மெதுவாக இழுக்க வேண்டும், குஞ்சு இருந்தால் இன்னும் மெதுவாக.

புதிதாகக் கூண்டு வந்ததும் நாலைந்து நாள் கோழிகளை வெளியே விடாமல் உள்ளேயே வைத்துப் பழக்குங்கள். அதன் பிறகும் ஒரே நாளில் கொல்லையின் அந்தக் கோடிக்கு இழுத்துப் போய்விடாதீர்கள். கோழிக்கு ஞாபகம் இருப்பது கூண்டு அல்ல, கூண்டு நின்ற இடம். மேய்ந்துவிட்டு அந்தியில் திரும்பும் கோழிகள், பத்தடி தள்ளி நிற்கும் கூண்டைக் கண்டுகொள்ளாமல், நேற்று அது நின்ற வெறும் தரையில் போய் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இருட்டுவதற்குள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போய் அடைக்க வேண்டியதுதான்.