தலைசுற்றலா? காதையும் கவனியுங்கள்!



"ஏங்க, வீடே கிறுகிறுன்னு சுத்துதுங்க" என்று மனைவி சொன்னால், "பித்தமா இருக்கும், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடி" என்று விட்டுவிடுகிறோம். சில வீடுகளில் சோம்பல் என்றும் ஏசுகிறார்கள். இது தவறு.

நாம் சாயாமல் நிற்க உதவும் உறுப்பு உள்காதில் இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் 3 அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலை அசைந்தால் அவற்றிலுள்ள திரவமும் அசைந்து மூளைக்குச் செய்தி போகும். இதில் கோளாறு வந்தால் அசையாத வீடும் சுற்றுவதுபோல் தோன்றும்.

நீங்கள் சொல்லும் விவரத்தைக் கொண்டுதான் டாக்டர் நோயைப் பெரும்பாலும் கண்டுபிடிக்கிறார். ஆகவே இவற்றைக் கவனித்துச் சொல்லுங்கள்:

1. சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா? எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால் இரத்தசோகையோ குறைந்த இரத்த அழுத்தமோ காரணமாகலாம். கர்ப்பிணிகள் அவசியம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

2. எப்போது வருகிறது? படுக்கையில் புரளும்போதும், பரணை நிமிர்ந்து பார்க்கும்போதும் வந்து, 1 நிமிடத்திற்குள் நின்றுவிடுகிறதா? உள்காதிலுள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். டாக்டர் தலையை முறைப்படி திருப்பியே பலருக்கு இதைச் சரிசெய்துவிடுவார்.

3. காது எப்படி இருக்கிறது? மணிக்கணக்கில் சுற்றலும், ஒரு காதில் அடைப்பு, இரைச்சல், மந்தமும் சேர்ந்து வந்து வந்து போனால் மெனியர் நோயாக இருக்கலாம். இத்தகைய சுற்றல் காதிலிருந்தே வருகிறது என்று 1861-ல் பாரிஸ் டாக்டர் மெனியர் எடுத்துரைத்தார்.

4. ஓயாமல் சுற்றி வாந்தியும் வருகிறதா? உள்காது நரம்பு வீக்கமாகலாம். மூளைக் கோளாறாகவும் இருக்கலாம். தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சீழ் வடியும் காது உள்ளவருக்குச் சுற்றல் வந்தால் ஆபத்து. எண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் காதில் ஊற்றாதீர்கள்.

வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் விழுதல், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிதல், நிற்கவே முடியாமை - இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

சுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே உட்காருங்கள். குணமாகும்வரை கிணற்றடி, ஏணி, மரம் ஏறுதல், வண்டி ஓட்டுதல் வேண்டாம்.

ஒருவருக்கு வந்தால் மற்றவர் நேரத்தைக் குறித்துவைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு உடன் செல்லுங்கள். பித்தம் என்று தள்ளாதீர். பரிசோதித்து நலம் பெறுவீர்!