நகமும் குதிகாலும் உரைக்கும் நோய்

செதில்படை என்றும் சொரியாசிஸ் என்றும் வழங்கும் நோய் தோலோடு நின்றுவிடும் என்றே பலரும் கருதுகின்றனர். முழங்கையிலும் தலையிலும் வெண்செதில் உதிர்ந்தால் தோல் மருத்துவரை நாடுகின்றனர். ஆண்டுகள் சில கழிந்து குதிகால் வலித்தால் எலும்பு மருத்துவரிடம் செல்கின்றனர். அங்கே தலையில் உதிரும் செதிலைப் பற்றி நோயாளி வாய் திறப்பதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. ஒரே நோய் இரு வாயில்களில் நின்று கதவைத் தட்டுகிறது என்பதை அறியாமலே காலம் கழிகிறது. செதில்படை உடையோரில் நூற்றுக்கு 30 பேர் வரை மூட்டழற்சிக்கு ஆளாகின்றனர். பெரும்பாலோர்க்குத் தோல்நோய் தோன்றிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே மூட்டு நோகத் தொடங்கும்; சிலர்க்கு மூட்டே முந்திக்கொள்ளும்.

இவ்விரண்டிற்கும் உள்ள உறவை 1818ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் அலிபெர் குறித்துவைத்தார். ஆயினும் முடக்குவாதம் உடைய ஒருவருக்குத் தற்செயலாகச் செதில்படையும் வந்திருக்கிறது என்னும் எண்ணமே நெடுங்காலம் நிலவியது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ரைட், மோல் ஆகிய இருவரும் 1973இல் செதில்படை மூட்டழற்சியின் ஐந்து வடிவங்களை வகுத்துக் காட்டிய பின்னரே அதன் தனித்தன்மை உறுதியாக வேரூன்றியது.

முடக்குவாதம் மூட்டின் உட்சவ்வைத் தாக்குவது. செதில்படை மூட்டழற்சியோ தசைநாண் எலும்பில் வந்து பதியும் இடத்தைப் பெரிதும் பற்றுகிறது. நாம் நடக்கும்போதும் சுமை தூக்கும்போதும் ஓயாமல் இழுபடும் இடம் அது. நலமுள்ள உடலில் அந்தச் சிற்றிழுப்புகள் தடமின்றி ஆறிவிடும். இந்நோய்க்கான மரபியல்பு உடையவரிடத்தில் தடுப்பாற்றல் அணுக்கள் அவற்றைப் பெருங்காயமெனக் கொண்டு கிளர்ந்தெழுகின்றன. இன்டர்லூக்கின் 23, இன்டர்லூக்கின் 17, டி.என்.எஃப். என்னும் புரதங்கள் பெருகி அழற்சியை வளர்க்கின்றன. ஒருபுறம் எலும்பு அரிக்கப்படுகிறது. மறுபுறம் வேண்டாத புது எலும்பு முளைக்கிறது. ஒரே விரலின் எக்ஸ்ரே படத்தில் இவ்விரண்டையும் சேர்த்துக் காண முடிவது இந்நோயின் தனி அடையாளம்.

இதை உணர்ந்தால் சிதறிக் கிடக்கும் அறிகுறிகள் ஒன்றுசேரும். குதிகாலின் பின்புறம் உடலின் மிகப் பெரிய தசைநாண் பதிகிறது. ஆகவே அங்கே வலிக்கிறது. விரலின் தசைநாணும் அதன் உறையும் மூட்டும் ஒருங்கே அழல்வதால் விரல் முழுவதும் அடிமுதல் நுனிவரை வீங்குகிறது. விரலின் கடைசி மூட்டைத் தாண்டும் தசைநாணின் இழைகள் நகத்தின் வேர்வரை பரவியுள்ளன. எனவே நகமும் தப்புவதில்லை. பகல் வெளிச்சத்தில் நகத்தைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். ஊசிமுனையால் குத்தியது போன்ற சிறு குழிகள், நுனியில் சதையைவிட்டு விலகிய வெண்மை, நகத்தடியில் மஞ்சள்பழுப்புத் திட்டு ஆகியவை தென்படலாம். இவற்றைப் பூஞ்சை எனக் கருதி மாதக்கணக்கில் களிம்பு தடவுவோர் பலர். காதின் பின்புறமும் தொப்புளும் செதில் உள்ளதா எனத் தேடிப் பார்க்க வேண்டிய இடங்களே.

குருதிச் சோதனையை மட்டும் நம்புவது தவறு. முடக்குவாதக் காரணி இவர்களில் பெரும்பாலோர்க்கு இராது. அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகளும் பலர்க்கு இயல்பாகவே இருக்கும். செதில்படையில் யூரிக் அமிலம் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால் கால் கட்டைவிரல் வீக்கம் ‘கவுட்’ எனப் பிழைபடுவதும் உண்டு. காலையில் எழுந்ததும் அரைமணிக்கு மேல் மூட்டுகள் விறைத்திருந்து, நடமாட நடமாட இளகினால் அதுவே பெருஞ்சான்று. தோல் மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டிய கேள்வியும் இதுவே என்பது என் உறுதியான கருத்து. ஆறு மாதத் தாமதமே மூட்டில் மீளாச் சிதைவை விளைவிக்கக்கூடும்.

இந்நோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள் உட்கொள்ளும் மருந்து. அதை நாள்தோறும் விழுங்கி உயிருக்கே ஊறு தேடிக்கொண்டவர்கள் உண்டு. ஆதலால் கிழமையின் பெயரை மருந்துச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மகப்பேற்றை எண்ணும் பெண்கள் அதை முன்கூட்டியே நிறுத்தவேண்டும். இம்மருந்தோடு மது அருந்துவது ஈரலை மேலும் வருத்தும். டி.என்.எஃப். புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் இந்நோயின் போக்கையே மாற்றின. ஆனால் உடலில் உறங்கும் காசநோய் அவற்றால் விழித்துக்கொள்ளக்கூடும்; நம் நாட்டில் ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. உடனடி நலம் தருவதாக விற்கும் பெயரற்ற பொடிகளை நாடாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், திடீரென நிறுத்தும்போது செதில்படை சீழ்க்கொப்புளங்களாக உடலெங்கும் வெடிக்கக்கூடும்.

உடல் எடை குறைந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது. புகையை விடுவதும் நெஞ்சுக்கு நன்று, ஏனெனில் இந்த அழற்சி இதய நோய்க்கும் வழிவகுக்கிறது. எல்லாவற்றினும் புறக்கணிக்கப்படுவது நோயாளியின் களைப்பு. வீக்கம் வற்றிய நாளிலும் உடல் துவண்டிருக்கும். வீட்டார் அதைச் சோம்பல் என்பர். அது அழற்சியின் நேர் விளைவு. நோய் தொற்றாது என்றறிந்தும் சீப்பையும் துண்டையும் தனியே வைக்கும் குடும்பங்களை நினைக்க நெஞ்சு வருந்துகிறது.

கண்ணைப் பற்றி ஒன்று. செதில்படை மூட்டழற்சி உடையவரின் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசினால் அதை ‘மெட்ராஸ் ஐ’ என்று எண்ணிக் கடையில் சொட்டுமருந்து வாங்கி ஊற்றக்கூடாது. விழியின் நடுப்படலம் அழன்றிருக்கலாம். பார்வை மங்கும் முன்பே, அன்றைக்கே கண் மருத்துவரைக் காணவேண்டும்.