கரையோர நோன்பு – 4: ஓநாய் வால்

போன வாரம் நிய்யத்தோடு நிறுத்தியிருந்தேன். ரமலான் நோன்புக்கான எண்ணத்தை ஷாஃபி மத்ஹபினர் விடியுமுன் வைத்துவிட வேண்டும், ஹனஃபிகளுக்கு நண்பகலுக்குச் சற்று முன்வரை அவகாசம். இது போதும், மற்றது உங்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் நோன்புக் கஞ்சி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கஞ்சி கொஞ்சம் ஆறட்டும். நடுவில் ஓர் ஓநாய் வந்துவிட்டது.

நோன்பு சூரிய உதயத்தில் தொடங்குகிறது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். இல்லை. கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும் சுபுஹு நேரத்திலேயே சாப்பாடு, தண்ணீர், தாம்பத்தியம் மூன்றுக்கும் தடை விழுந்துவிடும். நம் பக்கம் அது உதயத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக. சூரியன் மறைந்து மக்ரிபு பாங்கு ஒலித்தால்தான் நோன்பு திறப்பு. மறதியாகத் தண்ணீர் குடித்தால் முறியாது. நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு. விட்டதைப் பிறகு களாவாக, அதாவது ஈடாக, வைத்துவிட வேண்டும்.

வெளுப்பு என்றால் எந்த வெளுப்பு? அங்கேதான் சுவாரஸ்யம். வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து பிரிந்து தெரியும்வரை உண்ணலாம் என்கிறது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம். நம்மூருக்குப் பாரி மாதிரி அரபு நாட்டுக்கு வள்ளல் ஹாத்திம் தாய்; அவருடைய மகன் அதீ, இதைக் கேட்டுவிட்டு இரண்டு கயிறுகளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு ராத்திரியில் எடுத்து எடுத்துப் பார்த்தாராம். ஒன்றும் தெரியவில்லை. போய்ச் சொன்னதும், உம்முடைய தலையணை ரொம்பப் பெரியதுதான் என்று கேலி செய்த நபிகள், அது இரவின் இருளும் பகலின் வெளிச்சமும் என்று விளக்கினார்.

அதோடும் முடியவில்லை. விடியலிலேயே பொய் விடியல் ஒன்று இருக்கிறது. செங்குத்தாக, மங்கலாக மேலே எழும்பும் ஒளி. அரபிகள் அதற்கு வைத்த பெயர் ஓநாய் வால். அதை நம்பிக் கையைக் கழுவ வேண்டாம். பக்கவாட்டில் படர்வதுதான் மெய் விடியல். அந்த வால், கோள்களுக்கிடையே மிதக்கும் தூசியில் பட்டுச் சிதறும் சூரிய ஒளி. வானியலாளர் காசினி 1683இல் அதை ஆராய்ந்தார். 'குயீன்' இசைக்குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே இந்தத் தூசியைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். 1974இல் பாட்டுக்காகப் பாதியில் விட்டு, 2007இல் திரும்பி வந்து முடித்தார். முப்பத்து மூன்று வருஷ அரியர்!

இதைப் படித்தபின் வீட்டில் உட்கார முடியுமா? கிழக்குப் பார்த்த கடல் கைக்கெட்டும் தூரத்தில். ரமலானின் முதல் வாரம், பிறை முன்னிரவிலேயே மறைந்துவிடும். முதல் நாள் தமீமுல் அன்சாரி தர்கா இருக்கும் கோவளத்துக்குப் போனேன். விடுதி விளக்குகளின் வெளிச்சத்தில் ஓநாயும் இல்லை, வாலும் இல்லை. மறுநாள் மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் தாண்டி, கூவத்தூருக்குக் கிழக்கே மணலில் உட்கார்ந்தோம். கூட வந்தவர் செங்கல்பட்டு ஜங்ஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பாய். நிமிடக் கணக்கில் சமரசமே கிடையாது.

நாலரை தாண்டியிருக்கும். கடலுக்கு மேலே, பால் சிந்திய துணியைத் தூக்கிப் பிடித்த மாதிரி, சாய்வாக ஒரு மங்கல். நான் பதறினேன்.

"அது பொய்யி தம்பி. சாப்பிடுங்க" என்று வாழைப்பழத்தை நீட்டினார். அவரும் உரித்தார். கொஞ்ச நேரம் கழித்து நேர அட்டையை டார்ச்சில் பார்த்தார். "இது நம்மூர்க் கணக்கு. கரையில அரை நிமிஷம் முந்தி விடியும்." ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 4 நிமிடம்; செங்கல்பட்டுக்கும் இன்னும் கிழக்கே இருக்கும் கோவளத்துக்கும் ஏறக்குறைய 1 நிமிடம் வித்தியாசம். காலையில் செங்கல்பட்டுக்காரருக்கு ஒரு வாய் கூடுதல், மாலையில் ஒரு நிமிடம் கூடுதல் பசி.

அடிவானத்தில் கிடைமட்டமாக ஒரு கோடு வெளுத்தது. அதற்குள் அவர் தண்ணீர் பாட்டிலை மூடியிருந்தார்.

பக்கம் முடிந்துவிட்டது. கஞ்சி அடுத்த வாரம், கட்டாயம். 2020இல், ஊரடங்கில் பள்ளிவாசல்களில் கஞ்சிப் பானை ஏறாமல், அரசு கொடுத்த 5,450 டன் அரிசி வீடு வீடாகப் போன கதையிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)