சோபாவில் தூங்கிய ஸ்டார்!

கேம்பஸ் இன்டர்வியூ லிஸ்ட்ல உங்க பேர் வரலையா? ஹாஸ்டல் ரூமுக்கு வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு படுத்துட்டீங்களா? எழுந்திரிங்க பாஸ்! பதினஞ்சே நாள்ல ரெண்டு இடத்துல வேலையை விட்டுத் தூக்கப்பட்ட ஒருத்தரோட கதையைச் சொல்றேன். ஒரு கண்டிஷன்... இது 'கடைசியில ஜெயிச்சார், சுபம்'னு ஒரே வரியில முடியற கதை இல்லை!

பேரு ஜெரமி லின். பாஸ்கெட்பால் பிளேயர். 1988-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். பெற்றோர் தைவானிலிருந்து போய் செட்டிலானவங்க. அப்பா கம்ப்யூட்டர் இன்ஜினீயர், கூடவே பாஸ்கெட்பால் பைத்தியம். என்.பி.ஏ. மேட்ச்களை வீடியோ கேசட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, அந்த மூவ்களைத் தன் மூணு பசங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். இதுல நடு பையன்தான் நம்ம ஹீரோ.

2006-ல் லின் கேப்டனா இருந்த ஸ்கூல் டீம் மாநில சாம்பியன். அடுத்து என்ன? பெரிய காலேஜ்கள் ஸ்காலர்ஷிப்போட வாசல்ல வந்து நின்னிருக்கணும். ஒண்ணுகூட வரலை! ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப்பே கொடுக்காத ஹார்வர்டில் சேர்ந்து, எகனாமிக்ஸ் படிச்சுக்கிட்டே ஆடினார். எதிர் டீம் பக்கமிருந்து அவர் முகத்தையும் இனத்தையும் வெச்சுக் கிண்டல்கள் வந்தன. அதையும் கேட்டுக்கிட்டுத்தான் ஆடினார்.

லிஸ்ட்ல பேர் இல்லை!

வருஷா வருஷம் என்.பி.ஏ. டீம்கள் புது பிளேயர்களை வரிசையா தேர்ந்தெடுக்கிறதுக்குப் பேர் 'டிராஃப்ட்'. ஏறக்குறைய நம்ம பிளேஸ்மென்ட் மாதிரிதான். 2010-ல் 60 பேரை எடுத்தாங்க. அதுல லின் பேர் இல்லை. பிறகு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் டீம் சான்ஸ் கொடுத்தது. ஆனா பெரும்பாலும் பெஞ்சுதான்.

2011-ல் டீம் முதலாளிகளுக்கும் பிளேயர்களுக்கும் பணத் தகராறு. பல மாசம் லீக்கையே இழுத்து மூடிட்டாங்க. இந்த இடத்தை நல்லா கவனிங்க. அந்த கேப்பில் லின் ஊருக்குப் போய், ஒரு கோச்சைப் பிடிச்சு, தன்னோட ஷாட்டையே அடிப்படையிலிருந்து மாத்தினார். யாரும் கேட்கலை, யாரும் பார்க்கவும் இல்லை.

லீக் திறந்தது. டிசம்பர் 9, பிராக்டீஸ் கேம்ப்பின் முதல் நாளே வாரியர்ஸ் கழட்டி விட்டது. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் எடுத்தது. டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அவங்களும் 'பை' சொல்லிட்டாங்க. மூணு நாள் கழிச்சு நியூயார்க் நிக்ஸ் கூப்பிட்டது. அங்கே ஒரு கார்டுக்கு அடிபட்டிருந்தது, ஆள் தேவைப்பட்டது. அவ்வளவுதான்!

பிப்ரவரி 10 வரைக்கும் டீமில் தாக்குப்பிடிச்சால்தான் சீசன் முழுக்க சம்பளம் உறுதி. எப்போ அனுப்புவாங்கன்னே தெரியாதப்போ வீடு எப்படி வாடகைக்கு எடுக்கிறது? நியூயார்க்கில் பல் மருத்துவம் படிச்சுட்டிருந்த அண்ணன் வீட்டு சோபாதான் படுக்கை. ஜனவரியில் சின்ன லீக்குக்கு அனுப்பினாங்க. ஒரே மேட்ச்சில் 28 பாயின்ட், 11 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். திரும்பி வந்தா மறுபடி பெஞ்ச்!

அந்தப் பத்து நாள்...

2012 பிப்ரவரி 4. நிக்ஸ் தோல்வி மேல் தோல்வியில் துவண்டிருந்த நேரம். வேற வழியில்லாம கோச் மைக் டி'அன்டோனி லின்னை இறக்கினார். முந்தின ராத்திரி அவர் தூங்கினது சக பிளேயர் ஒருத்தர் வீட்டு சோபாவில்! 25 பாயின்ட், 7 அசிஸ்ட். டீம் ஜெயிச்சது.

கோச்சோட ஸ்டைலுக்கு 'பிக் அண்ட் ரோல்' உயிர். உயரமான ஆள் ஒருத்தர் சுவர் மாதிரி நின்னு எதிராளியை மறிப்பார். கார்டு பந்தோட அவரை உரசி வளைஞ்சு ஓடுவார். தடுக்க ரெண்டு பேர் பாய்ஞ்சா, மறிச்சவர் ஃப்ரீ. அவருக்கு பாஸ்! யாரும் பாயலையா? நேரா கூடைக்கு! இந்த முடிவை நொடியில் எடுக்கிறதுதான் லின்னோட பலம்.

பிப்ரவரி 10. அதே கெடு நாள்! எதிரே கோபி பிரையன்ட்டின் லேக்கர்ஸ். லின் 38, கோபி 34. நிக்ஸ் வெற்றி! பிப்ரவரி 14, டொரன்டோவில் ஸ்கோர் சமம். அரை செகண்ட் மிச்சம் இருக்கும்போது லின் போட்ட மூணு பாயின்ட் ஷாட் உள்ளே! தொடர்ந்து ஏழு வெற்றி. ஸ்டார்ட்டிங் டீமில் இறங்கிய முதல் அஞ்சு மேட்ச்சில் 136 பாயின்ட். 1976-க்குப் பிறகு அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. உலகமே 'லின்சானிட்டி'ன்னு கூத்தாடியது.

படம் இங்கே முடியலை

சினிமான்னா இங்கே வணக்கம் போட்டிருப்பாங்க. வாழ்க்கை போடலை. அந்த சீசன் முடியறதுக்குள்ள முழங்கால் ஆபரேஷன். மூணு வருஷத்துக்கு 2.5 கோடி டாலர் தந்து ஹூஸ்டன் கூப்பிட்டது. ஆமாம், விரட்டின அதே ஹூஸ்டன்! அப்புறம் டீம் டீமா மாறினார். 2017-ல் புரூக்ளின் டீமுக்காக ஆடிய சீசனின் முதல் மேட்ச்சிலேயே இன்னொரு முழங்காலில் தசைநார் அறுந்து, கோர்ட்டில் உட்கார்ந்து அழுதார். 2019-ல் அவர் இருந்த டொரன்டோ சாம்பியன். ஆனா ஃபைனல்ஸில் அவர் ஆடினது சுமார் ஒரு நிமிஷம்தான். கோப்பை வாங்கிய அடுத்த மாசமே எந்த டீமும் கூப்பிடலைன்னு தைவானில் ஒரு மேடையில் எல்லார் முன்னாடியும் உடைஞ்சு அழுதார்.

பெய்ஜிங் போய் ஒரு சீசன் ஆடினார். 2021-ல், 32 வயசில், சின்னப் பசங்களோட போட்டிபோட மறுபடி அமெரிக்க சின்ன லீக்குக்கு வந்தார். நல்லாவே ஆடினார். என்.பி.ஏ-விலிருந்து போன் வரலை. அப்புறம் சீனா, தைவான். நியூ தைபே கிங்ஸ் டீமில் சொந்தத் தம்பியோட சேர்ந்து ஆடி, 2024, 2025-ல் சாம்பியன். 2025 ஆகஸ்ட்டில், 37 வயசில், ரிட்டயர் ஆனார். என்.பி.ஏ-வில் மட்டும் 480 மேட்ச்!

அதிர்ஷ்டம்னு சொல்றீங்களா? கண்டிப்பா இருக்கு. ஒரு கார்டுக்கு அடிபடலைன்னா லின் இல்லை. ஆனா அது வந்தப்போ அவர் கையில மாத்தி வெச்ச ஷாட் ரெடியா இருந்தது. அதிர்ஷ்டம் போனப்புறமும் அவர் ஆட்டத்தை விடலை. ஒரு ஆஃபர் லெட்டர் வந்தா வாழ்க்கை செட்டிலும் இல்லை, வரலைன்னா க்ளோஸும் இல்லைன்னு இதைவிட யாரு சொல்றது?

அடுத்த கம்பெனி எப்போ வருதுன்னு நோட்டீஸ் போர்டைப் பார்த்தீங்களா? அதுக்குள்ள உங்க 'ஷாட்'ல எதை மாத்தணும்னு யோசிங்க. முதல்ல அந்தப் போர்வையை மடிச்சு வைங்க பாஸ்!