உரத்த ஒலி வேண்டாம். தெளிந்த சொல் போதும்

நைனார்பாளையம் போன்ற ஊர்களில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றே பல இல்லங்களில் கூடமாகவும் முதியவர் படுக்குமிடமாகவும் அமைகிறது. அவருக்குக் கேட்கவில்லையென்று தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிறோம். ஒலி பெருகுகிறதேயன்றிச் சொல் விளங்குவதில்லை.

முதுமையில் முதலில் குறைவது உயர்சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரொலிகள் கேட்கும்; க், ச், த், ப் போன்ற மெய்யொலிகள் மங்கும். பேச்சு காதில் விழுந்தும் புரியாமற்போவது இதனாலேயே.

ஆகவே சிறிய அறைக்கு ஐந்து ஒலிபெருக்கிகளும் சப்வூஃபரும் கொண்ட 5.1 தொகுதி தேவையில்லை. சப்வூஃபரின் தாழ்சுருதி உரையாடலை மறைக்கும். சுவரைக் கடந்து அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் கெடுக்கும். உரையாடலைத் தெளிவாக்கும் வசதியுள்ள எளிய சவுண்ட்பார் போதும். வாங்குமுன் அதில் செய்தி வாசிப்பை ஒலிக்கச் செய்து, முதியவரையே கேட்கச் செய்யுங்கள். வீட்டில் அதை மூலையில் ஒதுக்காமல், அவர் முகம் நோக்கி, காதின் உயரத்தில், இயன்றவரை அருகில் வையுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். சிறுவர்க்கு அவ்வளவு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும்.

அனைத்திற்கும் முன் செவிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். சிலருக்குக் காரணம் காதை அடைத்த குறும்பியாகவே இருக்கும். மருத்துவர் அதை நீக்கினால் புதுக் கருவியே வேண்டியிராது. ஒரு செவி திடீரெனக் கேளாமற்போனால் மட்டும், அன்றே மருத்துவரைக் காணுங்கள்.