தசையில் சேரும் சர்க்கரை

நீரிழிவு கண்டவருக்கு வைத்தியர் கூறும் முதல் உபதேசம் நடக்கச் சொல்வது. அது நல்ல உபதேசம். ஆனால் எடை தூக்கிப் பழகுவது வாலிபருக்கும் பயில்வானுக்கும் உரிய காரியம் என்றும், ஐம்பதைக் கடந்து வேளைதோறும் மாத்திரை விழுங்கும் மனிதருக்கும், வீட்டு வேலையே போதுமான தேகப்பயிற்சி என்று நம்பி வாழும் தாய்மாருக்கும் அதனோடு யாதொரு சம்பந்தமும் இல்லையென்றும் நம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கும் எண்ணம், அநேகருக்குக் கிட்டவேண்டிய பெரிய சகாயமொன்றைக் கிட்டவிடாமல் செய்துவருகிறது.

கோபன்ஹேகன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இவ்விஷயத்தை ஐயத்துக்கிடமின்றி விளக்குகிறது. இரண்டாம் வகை நீரிழிவுடைய பத்துப் பேரும் அந்நோயில்லாத ஏழு பேரும் ஒரு காலுக்கு மட்டும், வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை மணிக்கு மேற்படாமல், ஆறு வாரம் எடைப்பயிற்சி செய்தார்கள். மற்றொரு கால் பயிற்சியின்றி விடப்பட்டது. இரண்டு கால்களுக்கும் உணவு ஒன்று, ஓடிய இரத்தம் ஒன்று, அதில் கலந்த இன்சுலினும் ஒன்று. அப்படியிருந்தும், பயின்ற காலின் தசை பயிலாத காலின் தசையைக் காட்டிலும் அதிகச் சர்க்கரையை இரத்தத்திலிருந்து கிரகித்துக்கொண்டது. ஆகவே, நோயுற்ற தேகத்திலும் தசை தன் சுபாவத்தை மாற்றிக்கொள்ளும் சக்தியை இழந்துவிடுவதில்லை.

இதன் காரணத்தை அறியத் தசையின் தொழிலை அறியவேண்டும். நம் சரீரத்து இரத்தம் முழுவதிலும் ஒரு சமயத்தில் உள்ள சர்க்கரை ஏறத்தாழ ஐந்து கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. தசைகளிலோ கிளைக்கோஜன் என்னும் உருவத்தில் சுமார் 400 கிராம் வரை சேர்ந்திருக்கக் கூடும். உண்ட சோற்றின் சர்க்கரையை இரத்தத்திலிருந்து தசைநாருக்குள் ஏற்றுவது ‘குளூட்-4’ என்னும் புரதம். சாதாரணமாக நாரின் உட்புறத்தில் தங்கியிருக்கும் இப்புரதத்தை மேற்பரப்புக்கு வரவழைப்பது இன்சுலினின் வேலை. நீரிழிவில் அந்த ஏவல் வலுவிழக்கிறது. ஆனால் தசை சுருங்கும்போது, இன்சுலினை எதிர்பாராமலே, வேறொரு மார்க்கமாக அதே புரதம் மேலே வருகிறது. நோயாளியிடத்தும் அந்த மார்க்கம் பெரும்பாலும் பழுதுபடாமல் இருக்கிறது என்பதே இயற்கை நமக்கு அளித்துள்ள விசேஷ வரப்பிரசாதம். அன்றியும், பழைய நெல்லை அள்ளியெடுத்த குதிரில் புதிய நெல்லுக்கு இடம் உண்டாவதுபோல, பயிற்சியால் கிளைக்கோஜன் செலவான தசை அடுத்த வேளை உணவின் சர்க்கரையை ஆவலோடு ஏற்கிறது. இந்த நிலை ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை நீடித்துப் பின் மங்குவதால்தான், வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையிடையே ஒரு நாள் விட்டுப் பயிலவேண்டும் என்று நிபுணர்கள் விதிக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குவோரைக் கலங்கச் செய்யும் ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். கனமான எடையைத் தூக்கிய உடனே குளுக்கோமீட்டரில் பார்த்தால், சிலருக்குச் சர்க்கரை முன்னிலும் உயர்ந்திருக்கும். கடும் பிரயாசையின்போது சுரக்கும் அட்ரினலின், கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையை வெளியிடச் செய்வதே இதற்குக் காரணம். இவ்வுயர்வு தற்காலிகமானது, இதைக் கண்டு பயந்து பயிற்சியைக் கைவிடுவது பரிதாபத்துக்குரியது. பலனை மூன்று மாதம் பொறுத்து, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கவேண்டும்.

எடைப்பயிற்சி நடைக்கு மாற்று என்று கொள்ளலாகாது. அமெரிக்காவின் லூசியானாவில் 262 நோயாளிகளை ஒன்பது மாதம் பயிற்றி 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தனியே நடந்தவர்களுக்கும் தனியே எடை தூக்கியவர்களுக்கும் ஹெச்பிஏ1சி குறிப்பிடத்தக்க அளவு இறங்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே இறங்கியது.

நம் நாட்டினருக்கு இது மிகவும் அவசியமாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. புணேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் தேகங்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடையின் குறியீடு இருவருக்கும் 22.3, கொழுப்பின் பங்கோ ஆங்கிலேயருக்கு 9.1 சதவிகிதம், இந்தியருக்கு 21.2 சதவிகிதம். மெலிந்து தோன்றும் நம்மவர் பலருக்குக் குறைவாயிருப்பது தசை.

இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், பயிற்சிக்குப் பின் சர்க்கரை தாழ்ந்துபோகக் கூடுமாதலால், வைத்தியரைக் கலந்தே தொடங்கவேண்டும். விழித்திரையில் நோய் முற்றியவர்கள் மூச்சையடக்கிப் பாரம் தூக்குதல் ஆகாது. மற்றவர்கள் நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதையும், தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்கி இறக்குவதையும் கொண்டு வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். பதினைந்து முறை தூக்கியும் சிரமம் தோன்றாவிட்டால், எடையைச் சிறிது கூட்டவேண்டிய காலம் வந்துவிட்டது.